மாடியில் தூவும் அரிசி யாருக்குப் போகிறது?

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர். மாமியார் காலத்திலிருந்து அவர் வீட்டு மொட்டைமாடியில் தினமும் காலையில் ஒரு கிலோ அரிசி தூவுவது வழக்கம். மதியம் மிஞ்சிய சாதமும் அங்கேதான் போகும். முன்பெல்லாம் சிட்டுக்குருவி, மைனா, அணில் என்று ஒரு கூட்டமே வரும், இப்போது 40 புறாக்களைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை, எச்சத்துக்காகப் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள் என்று எழுதிவிட்டு, "குருவி திரும்பி வர எந்தத் தானியம் வைக்கலாம்?" என்று முடித்திருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "நிறுத்தினால் அதுகள் பட்டினி கிடந்து செத்துவிடும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று மாமியார் சொல்கிறார்." எனக்கென்னவோ உண்மையான கேள்வி அதுதான் என்று படுகிறது. தானியத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் கால்நடை மருத்துவம் படித்து, அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆடு, மாடு, கோழிதான் என் தொழில். பறவை பார்ப்பது வேலைக்கு வெளியே பல ஆண்டுகளாக ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே நோயையும் தீவனத்தையும் பற்றிச் சொல்வது படிப்பை வைத்து. குருவியின் போக்கைப் பற்றிச் சொல்வதில் பார்த்ததும் வாசித்ததும் கலந்திருக்கும். மனிதருடைய நுரையீரல் பற்றி ஓரிடத்தில் பேச வேண்டியிருக்கிறது, அதை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. நகரத்து மாடப்புறா ஒன்று 300 முதல் 350 கிராம் எடை இருக்கும். ஒரு நாளைக்கு அதன் தீனி ஏறக்குறைய 30 கிராம். நீங்கள் தூவும் ஒரு கிலோவை 30-ஆல் வகுத்தால் 33 வருகிறது. மேலே சாதம் வேறு. உங்கள் மாடிக்கு 40 புறா வருவது தற்செயல் இல்லை, நீங்கள் வைப்பது 40 புறாவுக்கான சாப்பாடு. இரண்டு கிலோவாக ஆக்கினால் சில மாதங்களில் 70, 80 ஆகும். சிட்டுக்குருவியோ 25, 30 கிராம் எடையுள்ள சின்னப் பிராணி, ஒரு நாளைக்குச் சில கிராம் தானியம் அதற்குப் போதும். அது வந்து உட்கார்வதற்குள் புறாக் கூட்டம் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புறாவுக்குத் தானியம் மட்டும் இருந்தாலே குடும்பம் நடத்த முடியும். அதன் கழுத்தில் தீனியைச் சேர்த்துவைக்கும் பை இருக்கிறதல்லவா, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் அந்தப் பையின் உட்சுவரில் தயிர்க்கட்டி போன்ற ஒரு பொருள் உண்டாகும். புரதமும் கொழுப்பும் நிறைந்த அதைத்தான் தாயும் தகப்பனும் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. புறாப்பால் என்று சொல்வது இதைத்தான். ஆகவே வெளியே பூச்சி இருக்கிறதா, மழை பெய்ததா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. அரிசி கிடைக்கிறதா, முட்டை வைக்க ஒரு சன்ஷேடோ ஏசி பெட்டியின் பின்புறமோ இருக்கிறதா, அவ்வளவுதான் தேவை. ஈட்டுக்கு 2 முட்டை, 18 நாள் அடை, ஒரு மாதத்துக்குச் சற்று மேலே போனால் குஞ்சு பறந்துவிடும். தீனிக்குக் குறையில்லாவிட்டால் ஒரே ஜோடி வருடத்தில் ஐந்தாறு ஈடு எடுக்கும்.

சிட்டுக்குருவிக்கு அந்த வசதி கிடையாது. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு முதல் சில நாட்கள் கிட்டத்தட்ட முழுக்கப் பூச்சியில்தான் வளர்கிறது: அசுவினி, சின்னப் பச்சைப் புழு, வண்டு, சிலந்தி. சதையும் சிறகும் வளரப் புரதம் வேண்டும், அரிசியில் அது போதாது. இரண்டு வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளியேற வேண்டும், அந்த இரண்டு வாரமும் தாயும் தகப்பனும் விடிந்ததிலிருந்து பூச்சி தேடிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் சிமெண்டு தளமாக இருந்தால் எங்கே போய்த் தேடும்? எனவே "எந்தத் தானியம் வைத்தால் குருவி வரும்" என்ற கேள்விக்கு என் பதில், தானியத்தால் மட்டும் வராது என்பதுதான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சில வீடுகளில் ரொட்டியும் விதையும் தினமும் வைத்தார்கள், சில வீடுகளில் எதுவும் வைக்கவில்லை. 2015-இல் வெளியான முடிவில், தீனி வைத்த தோட்டங்களில் வெளியிலிருந்து வந்து குடியேறிய தானியம் தின்னிகள் பெருகின, பூச்சி தின்னும் உள்ளூர்ச் சிறு குருவி ஒன்று குறைந்தது. அங்கே பெருகியவற்றில் சிட்டுக்குருவியும் ஒன்று என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த ஊரில் அது வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட பறவை. ஆகவே அதை அப்படியே மதுரைக்குப் பொருத்த முடியாது. எதை வைக்கிறோமோ அதைத் தின்பவைதான் பெருகும் என்ற அளவில் மட்டும் பொருந்தும்.

சரி, நிறுத்தினால் பட்டினி கிடக்குமா? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிக்காலத்தில் ஒரு சிறு குருவியை வைத்து இதே கேள்வியைக் கேட்டார்கள். வீட்டுத் தீனித் தொட்டிகளில் பல வருடம் தின்று பழகிய குருவிகள்கூட, தங்கள் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் அங்கிருந்து எடுத்தன. தொட்டியை அகற்றிய பிறகு அவை தீனித் தொட்டியையே பார்த்திராத குருவிகளைப் போலவே பிழைத்திருந்தன. உறைபனிக் குளிரிலேயே அப்படியென்றால் வருடம் முழுக்க ஏதாவது காய்க்கிற, விளைகிற நம் ஊரில் பயப்பட வேண்டியதில்லை. மதுரைப் புறாவுக்கு நெல் மண்டி இருக்கிறது, கோயில் இருக்கிறது, அறுவடை வயல் இருக்கிறது. தீனிக்காகப் பல கிலோமீட்டர் போய்த் திரும்புகிற பறவை அது. உங்கள் மாடியில் அரிசி இல்லையென்றால் செத்துவிடாது, வேறு இடம் பார்க்கும், குஞ்சு பொரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பாவ புண்ணியம் என் துறை இல்லை. ஆனால் பட்டினிச் சாவு என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஒரே நாளில் நிறுத்துவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குஞ்சு வைத்திருக்கும் ஜோடிகளுக்கும் அது நல்லது.

அடுத்து நோய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒரே இடத்தில் நிறையப் பறவைகளைத் தினமும் கூட்டினால் நோய் பரவும். புறா வளர்ப்பவர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வரும் புறாக்களின் வாயைத் திறந்தால் சிலவற்றுக்குத் தொண்டையில் மஞ்சளாக, பாலாடைக்கட்டி மாதிரி ஒரு படிவு இருக்கும். டிரைகோமோனாஸ் என்ற ஒரு செல் உயிரி செய்யும் வேலை அது. விழுங்க முடியாமல் மெலிந்து சாகும். பெரும்பாலான புறாக்களில் எந்த அறிகுறியும் இல்லாமலே அந்தக் கிருமி இருக்கும். எச்சில் பட்ட தானியம், தண்ணீர் வழியாக மற்றதற்குப் போகும். பிரிட்டனில் 2005-க்குப் பிறகு இது புறாவிலிருந்து சிறு குருவிகளுக்குத் தாவி, பச்சைப் பின்ச் என்ற குருவி கொத்துக்கொத்தாகச் செத்தது. வீட்டுத் தோட்டத் தீனி மேடைகள் அதற்கு வழியானதால், அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. 2025-இல் தட்டையான தீனி மேடைகள் விற்பதையே நிறுத்திவைத்தது. மொட்டைமாடித் தரை என்பது அதைவிடப் பெரிய தட்டை மேடைதானே. எச்சமும் அங்கேதான் விழுகிறது, அரிசியும் அங்கேதான் விழுகிறது.

கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமடிக்கும் புறாவையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அது கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலின் உறவுக்கார வைரஸ், கோழிக்கும் தாவக்கூடியது. வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தால் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், கோழித் தீவனத்தில் புறா வாய் வைக்க விடாதீர்கள். எப்போதாவது தெருவில் நான்கைந்து காகங்கள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தால் அன்றே தீனியை நிறுத்திவிட்டு, வெறுங்கையால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் பல தடவை காகத்தில்தான் முதலில் தெரிய வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் ராஜஸ்தானில் அப்படித்தான் ஆரம்பித்தது.

மனிதர் விஷயம். காய்ந்த புறா எச்சத்தின் தூசியையும் சிறகுத் துகளையும் நெடுநாள் சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி வருகிறது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும். எல்லாருக்கும் வராது. ஒரே மாடியைப் பெருக்கும் இருவரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போகலாம். 2025-இல் மும்பை மாநகராட்சி கபூதர்கானா என்று சொல்லப்படும் புறாத் தீனி இடங்களை மூடியதும், தாதரில் தார்ப்பாய் போட்டு மூடியதை எதிர்த்து மக்கள் திரண்டதும், வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்ததும் இந்தப் பயத்தை ஒட்டித்தான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது ஆஸ்துமா, வாரக்கணக்கில் விடாத வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு இருந்தால், "வீட்டில் புறா வருகிறது" என்பதை நுரையீரல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அவராகக் கேட்காமலும் போகலாம். மாடியை ஒருநாளும் காய்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வழித்தெடுங்கள்.

இனி தானியத்துக்கு வருகிறேன். பச்சரிசியோ புழுங்கலரிசியோ தின்றால் வயிற்றில் ஊதி வெடித்துவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது, அதைத் தூக்கிப் போடுங்கள். வயலில் நெல்லைத் தின்கிற இனத்துக்கு அரிசி ஒன்றும் செய்யாது. தினை, சாமை, உடைத்த கம்பு, நொய் எல்லாம் குருவியின் அலகுக்கு ஏற்றவை. சிறு பறவைகளுக்கு உப்பு ஆகாது. எனவே மிக்ஸர், சிப்ஸ், ஊறுகாய் பட்ட சாதம், சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். உப்பில்லாத வெறும் சாதம் ஒரு கைப்பிடி தப்பில்லை, ஆனால் மதுரை வெயிலில் அது மதியத்துக்குள் புளித்துவிடும். பறவையால் பாலைச் செரிக்க முடியாது. பிரெட் வயிற்றை நிரப்பும், சத்து கிடையாது. பூசணம் பிடித்த நிலக்கடலை விஷம், நாம் தின்னத் தயங்குவதை அவற்றுக்குப் போடக்கூடாது. அமாவாசைக்கும் கணுவுக்கும் காகத்துக்கு ஒரு கவளம் வைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு கவளம் வைக்கிறோம், காகம் எடுத்துக்கொண்டு போகிறது, மிச்சம் எதுவும் கிடப்பதில்லை. தினமும் ஒரு சட்டி சாதம் கொட்டுவது வேறு. காகம் அந்தத் தெருவிலேயே டேரா போடும், பக்கத்தில் கூடு கட்டும் சின்னப் பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்குத்தான் போகும்.

குருவிக்கென்று வைக்க ஆசையிருந்தால் தரையில் தூவுவதை விட்டுவிட்டு, 5 சென்டிமீட்டர் கட்டமுள்ள வெல்டு மெஷ் வலையை வாங்கி ஒரு கூண்டு மாதிரி வளைத்து, நடுவில் சின்னத் தட்டில் தானியம் வையுங்கள். குருவி உள்ளே நுழையும், புறா நுழையாது. அணில் நுழையும், அதை என்ன செய்வது, அதுவும் தின்றுவிட்டுப் போகட்டும். அந்தக் காலத்தில் திண்ணை உத்தரத்தில் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். கதிரில் தொங்கிக்கொண்டு கொத்தித் தின்னக் குருவியால் முடியும், கனத்த புறா தடுமாறும். இன்றைக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. தட்டு வைத்தால் ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு, இரண்டு ஸ்பூன் போதும். இருட்டும்முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும், எலியின் பின்னால் சாரை வரும். வாரம் ஒரு தடவை தட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசி வெயிலில் காயவையுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் திரும்ப வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தானியத்தைவிடத் தண்ணீருக்குத்தான் முதலிடம். சித்திரை வைகாசியில் தானியம் எங்காவது கிடைக்கும், சுத்தமான தண்ணீர் கிடைக்காது. அதோடு தானியம் தொடாத பறவைகளும் தண்ணீருக்கு வரும்: சின்னான், தவிட்டுக்குருவி, குண்டுகரிச்சான், தையல்சிட்டு, சமயத்தில் வல்லூறுகூட. சொரசொரப்பான அகல மண்சட்டி, இரண்டு விரல் ஆழம், நடுவில் நிற்க ஒரு கல். நிழலில், ஆனால் பூனை பதுங்கும் செடிக்குப் பத்தடி தள்ளி. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியின் உட்புறத்தை நாரால் தேய்க்க வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது, டெங்கு கொசுவின் முட்டை ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மாநகராட்சிக்காரர் வந்து சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போனால் அவர்மேல் தப்பில்லை.

பூச்சிக்கு வழி செய்யாமல் குருவியை எதிர்பார்க்க முடியாது என்றேன். உங்களுக்குக் கொல்லை இருக்கிறதா என்று கேள்வியில் இல்லை. இருந்தால் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுங்கள், அறுகும் புல்லும் பூத்து விதைக்கட்டும், மருந்து அடிக்காதீர்கள். முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, மருதாணி போதும். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும், கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் சின்னானும் வரும். இடம் இருந்தால் ஒரு சர்க்கரைப்பழ மரம் வையுங்கள், வேகமாக வளரும், குக்குறுவான் முதல் கிளி வரை வந்து உட்காரும். மாடி மட்டும்தான் என்றால் தொட்டியில் அவரைக்கொடி ஏற்றுங்கள். அவரையில் அசுவினி வருகிறதே என்று எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள், குருவிக்கு அது குஞ்சுத் தீனி. கூடு வைக்க விரும்பினால் 32 மில்லிமீட்டரிலிருந்து கொஞ்சம் கூடுதலான துளை உள்ள மரப்பெட்டி, பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், ஒன்றுக்கு இரண்டு மூன்றாக மாட்டுங்கள். அது கூட்டமாகக் குடியிருக்கும் பறவை.

இத்தனையும் செய்தால் குருவி வந்துவிடுமா என்றால், உறுதி கொடுக்க மாட்டேன். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வந்த அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளில் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. ஏன் குறைந்தது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. செல்போன் கோபுரம்தான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களிடம் நிரூபணம் கிடையாது. ஓட்டு வீடு போனது, பூச்சி குறைந்தது, வாசலில் தானியம் புடைப்பது நின்றது என்பவை நம்பத்தகுந்த காரணங்கள், ஆனால் எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க முடியவில்லை. லண்டனில் குருவிகளுக்குப் புழு வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் அதிகம் தேறின, வளர்ந்த குருவிகளின் எண்ணிக்கை மட்டும் அதற்கேற்ப உயரவில்லை. உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியாவது குருவி இருந்தால் நம்பிக்கை உண்டு. ஊரின் அந்தப் பகுதியிலேயே இல்லையென்றால் பெட்டி காலியாகத்தான் தொங்கும், தண்ணீருக்கு வரும் சின்னானைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

"சென்னை ராயப்பேட்டையில் ஒருவர் ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசி வைத்தாரே, அது மட்டும் சரியா?" என்று யாராவது கேட்பார்கள். ஜோசப் சேகர் செய்ததில் இருந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அத்தனை கூட்டத்துக்கு வைப்பவர் தினமும் மணிக்கணக்கில் கழுவித் துடைக்கவும் வேண்டும். வேலைக்குப் போய் வரும் ஒரு குடும்பம் பார்த்துப் பழகக்கூடிய ஏற்பாடு அது இல்லை.

உங்களுக்கு என் யோசனை இதுதான்: நாளையிலிருந்து ஒரு கிலோவை முக்கால் ஆக்குங்கள், அடுத்த வாரம் அரை, அதற்கடுத்து கால், பிறகு தரையில் தூவுவதே வேண்டாம். சாதத்தை இன்றைக்கே நிறுத்திவிடலாம். மாடியை நனைத்துக் கழுவிவிட்டுச் சட்டியில் தண்ணீர் வையுங்கள். புறா சில வாரம் வந்து வந்து பார்க்கும், அதைப் பார்த்து மாமியார் மனம் இளகினால் தினம் காலையில் அந்தச் சட்டியைத் தேய்த்துத் தண்ணீர் மாற்றும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். சன்ஷேடில் ஏற்கனவே முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறக்கும்வரை விட்டுவிட்டு, அப்புறம் வலை அடியுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் மூன்று வாரம் அவகாசம் கேட்டுவிடுங்கள். முதல் வாரத்தில் எச்சம் குறைந்த மாதிரியே தெரியாது.